ரெய்டு காப்பாற்றாத இடம்: சர்வர் டிஸ்க்கின் ஃபர்ம்வேர்

சர்வருக்கு ஃபர்ம்வேர் (ஹார்ட்வேருக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) அப்டேட் என்றால் மெஷினை பூட் செய்யும் பயாஸை ஏற்றிவிட்டு எழுந்துவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். ஆனால் ஒரு ரேக் சர்வருக்குள் பயாஸ், பிஎம்சி, ரெய்டு கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு, பவர் சப்ளை என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஃபர்ம்வேர் உண்டு. பிஎம்சி என்பது சர்வரைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்க உதவும் தனிச் சிப், டெல் சர்வரில் ஐடிராக், எச்பிஇ சர்வரில் ஐலோ என்பதெல்லாம் அதுதான். பல டிஸ்க்கைச் சேர்த்து, ஒன்று போனாலும் டேட்டா தப்பும்படி வைப்பது ரெய்டு. இவை போக ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சொந்த ஃபர்ம்வேர் இருக்கிறது. அதிகம் கண்டுகொள்ளப்படாததும் அதுதான், டேட்டாவை மொத்தமாகக் கொண்டுபோகக்கூடியதும் அதுதான்.

எஸ்எஸ்டிக்குள் தனி ப்ராசஸர் ஓடுகிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் கேட்கும் பிளாக் எந்த ஃபிளாஷ் சிப்பில், எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்ற அட்டவணையை அதன் ஃபர்ம்வேர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். ஃபர்ம்வேர் விழுந்தால் சிப்பில் டேட்டா இருந்தும் பயனில்லை, எது எங்கே என்று சொல்ல ஆளில்லை.

2019 நவம்பரில் எச்பிஇ ஓர் அவசர அறிவிப்பு விட்டது. குறிப்பிட்ட சில சாஸ் (சர்வர் டிஸ்க்குக்கான இணைப்பு வகை) எஸ்எஸ்டி மாடல்களில் எச்பிடி8 என்ற பதிப்புக்கு முந்தைய ஃபர்ம்வேர் இருந்தால், பவர் ஆனில் இருந்த நேரம் 32,768 மணியைத் தொட்டதும் டிஸ்க் செத்துவிடும். டிஸ்க்கும் மீளாது, டேட்டாவும் மீளாது. கணக்குப் போட்டால் 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். குறியுள்ள (பிளஸ், மைனஸ் இரண்டும் வரக்கூடிய) 16 பிட் எண்ணில் அடங்கும் உச்சம் 32,767. கவுன்ட்டர் அதைத் தாண்டும் இடத்தில்தான் கோளாறு என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கிறது. 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு இன்னொரு அறிவிப்பு வந்தது. அதில் கெடு 40,000 மணி, திருத்தம் எச்பிடி7.

டிஸ்க்குகள் வெவ்வேறு நேரத்தில் சாகும் என்று நம்பித்தான் ரெய்டு போடுகிறோம். ஒரே நாளில் செருகிய எட்டு டிஸ்க்குக்கும் மணிக்கணக்கு ஒன்றுதான். ரெய்டு 6 இரண்டு டிஸ்க் போனால் தாங்கும். போன டிஸ்க்கின் டேட்டாவை வேறு டிஸ்க்கில் மீட்டெழுதும் ரீபில்ட் முடிவதற்குள் மூன்றாவதும் போய்விடும். ஒன்று போனால் அதன் இடத்தைப் பிடிக்கத் தயாராகச் செருகி வைத்திருக்கும் ஹாட் ஸ்பேரும் உதவாது. அதில் ஒரு பைட் எழுதாவிட்டாலும் ஸ்லாட்டில் பவர் வாங்கிக்கொண்டு மற்றவற்றோடு சேர்ந்தே மணி எண்ணியிருக்கும். பேக்கப்பும் அதே தொகுதி டிஸ்க்கில் இருந்தால் அதையும் பேக்கப் என்று சொல்ல முடியாது.

ஆகவே முதலில் ஒவ்வொரு டிஸ்க்கின் மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, பவர் ஆன் மணி மூன்றையும் பட்டியல் எடுங்கள். ரெய்டு கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு நேராகத் தெரியாது. கன்ட்ரோலரோடு வரும் டூலிலோ பிஎம்சி பக்கத்திலோ பாருங்கள். பிறகு தயாரிப்பாளரின் அறிவிப்புகளோடு ஒப்பிடுங்கள். கெடு நெருங்கிய டிஸ்க் இருந்தால் மற்ற அப்டேட் எல்லாம் காத்திருக்கட்டும்.

அவசரம் இல்லாதபோது பிஎம்சியில் தொடங்குவது நல்லது, மற்றவற்றை ஏற்றும் வேலை பெரும்பாலும் அதன் வழியாகத்தான் நடக்கிறது. அது ரீசெட் ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாதிக்கப்படாது. அடுத்து பயாஸ். ஏற்றிய பின் முதல் பூட்டில் மெமரி ட்ரெய்னிங் (ரேமோடு பேசும் வேகத்தையும் நேரத்தையும் சரிசெய்வது) மறுபடி நடப்பதால், ரேம் அதிகமுள்ள மெஷினில் திரை பல நிமிடம் கறுப்பாகவே நிற்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து பவர் கேபிளை உருவாதீர்கள். ஃபிளாஷ் எழுதும் வேலை பாக்கியிருந்தால் பாதி எழுதிய சிப்போடு போர்டு முடங்கும்.

டிஸ்க்குக்கு வரும்போது, ஆன்லைனில் ஏற்றலாமா, சர்வரை நிறுத்த வேண்டுமா என்பதை அந்தப் பதிப்பின் ரிலீஸ் நோட்ஸில் படித்துவிட்டே கை வையுங்கள். அதற்கு முன் ஆரேயில் (ரெய்டில் சேர்ந்த டிஸ்க் கூட்டம்) எல்லா டிஸ்க்கும் நலமா, பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் ஆகிறதா என்று பாருங்கள். முடிந்ததும் பதிப்பு எண்ணை டிஸ்க் டிஸ்க்காகச் சரிபாருங்கள்.

அலமாரியில் கிடக்கும் ஸ்பேரை மறந்துவிட வேண்டாம். அதன் மணி ஓடவில்லை, ஆனால் உள்ளே இருப்பது வாங்கிய நாளின் ஃபர்ம்வேர். வாரன்டியில் மாற்றி வரும் டிஸ்க்கிலும் பழைய பதிப்பு இருக்கலாம். ஆரேயில் சேர்க்கும் முன்பே அதையும் அப்டேட் செய்துவிடுங்கள்.