திருக்கடையூருக்குப் பெரியவர்களை அழைத்துப் போகும்போது

1966 சித்திரைக்கும் 1967 பங்குனிக்கும் இடையில், பராபவ வருஷத்தில் பிறந்தவர்களுக்கு 2026 சித்திரையில் அதே வருஷம் திரும்பி வருகிறது. அறுபது முடிந்தவருக்குச் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம். இவற்றுக்கெல்லாம் சோழநாட்டில் முதலில் நினைவுக்கு வரும் தலம், மார்க்கண்டேயனுக்காக ஈசன் காலனை உதைத்த திருக்கடையூர். சிவன் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களில் ஒன்று. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி சாலையில் சுமார் 20 கிலோமீட்டர்.

தேதி நம் கையில் இல்லை. பெரும்பாலும் பிறந்த தமிழ் மாதத்து ஜென்ம நட்சத்திரம் எப்போது வருகிறதோ அன்றுதான். பங்குனி, சித்திரையில் வந்தால் பத்து மணிக்கே பிரகாரக் கல் சுடும். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் மழையில் அதே கல் வழுக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஆகவே முதல் நாள் மாலையே போய்த் தங்கிவிட்டு, அதிகாலையில் தொடங்குவதே சரி. தரைத்தளத்து அறை, வெஸ்டர்ன் டாய்லெட், குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி: இந்த மூன்றையும் கேட்டுவிட்டு அறை எடுங்கள்.

விக்னேஸ்வர பூஜை, கலச ஸ்தாபனம், ஹோமம், கலசாபிஷேகம், மாங்கல்ய தாரணம், பிறகு சந்நிதி தரிசனம் என்று எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்பார். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், தலைசுற்றல் வரும். அதைப் பக்திப் பரவசம் என்று சுற்றியிருப்பவர்கள் நினைத்துவிடக்கூடும். அன்றைக்கு எந்த மருந்து எப்போது என்பதை முந்தின வாரமே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பாலும் பழமும் சாப்பிட்டுவிட்டு உட்காரலாம் என்பதை நீங்கள் சொல்வதைவிட சடங்கு நடத்தும் வாத்தியார் வாயால் சொல்லவைத்தால் அம்மா கேட்பார்.

மணையில் சம்மணமிட முடியாதவருக்கு நாற்காலி வேண்டும் என்று முன்பே பேசிவிடுங்கள். நாற்காலியிலிருந்து குண்டத்துக்குக் குனிந்து நெய் விடுவது சிரமம். அப்பா தர்ப்பையால் தொட்டுக்கொண்டிருக்க, பிள்ளை நெய் விடலாமா என்று கேட்டுப்பாருங்கள். மூச்சிளைப்பு உள்ளவரையும் கண்ணில் புரை அறுவை செய்துகொண்டவரையும் புகை வீசும் பக்கம் உட்கார வைக்கக்கூடாது. மின்விசிறியைப் போட்டால் புகை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிகம் சொதப்புவது கலசாபிஷேகம்தான். உறவினர் அத்தனை பேரும் ஆளுக்கொரு சொம்பு ஊற்றுவார்கள். தலையில் விழும் குளிர்ந்த நீரில் எண்பது வயது உடம்பு நடுங்கிப்போகும். இளஞ்சூடான நீர் கலந்துகொள்ள முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். சொம்பு சிறியதாக இருக்கட்டும். நீர் தோளிலும் விழலாம். காது மெஷினைக் கழற்றிப் பத்திரப்படுத்த ஒருவரை நியமியுங்கள். தலை துவட்டியதும் அதை மாட்டிவிட மறந்தால், மாங்கல்ய தாரண மந்திரம் எதுவும் அவர் காதில் விழாது. தன் விழாவிலேயே அவர் தனியாளாகிவிடுவார். அபிஷேகத்துக்கு அம்மாவுக்குப் பருத்திப் புடவை போதும். நனைந்த பட்டு கனக்கும், காலைத் தடுக்கும். பட்டு, தாலி கட்டும் நேரத்துக்கு இருக்கட்டும். ஈரத்தில் மஞ்சளும் பூவும் சேர்ந்த தரையில் இருவரையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து எழுப்புங்கள். முழங்கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். அவர்கள் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

நமஸ்காரம் வாங்கும்போது தம்பதியை உட்கார வையுங்கள். நின்றுகொண்டே ஐம்பது பேருக்கு அட்சதை போடுவது முழங்காலுக்குத் தண்டனை.

கணவரை இழந்த பாட்டியையும் அத்தையையும் இந்த விழாக்களில் பின்வரிசைக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது விட்டொழிக்க வேண்டிய வழக்கம். முதல் அட்சதை அவர்கள் கையால் விழட்டும். மேடைக்கு அருகில் அவர்களுக்கு நாற்காலி போடுங்கள். சாப்பாட்டுக்கு முதல் பந்தியில், பல் இல்லாதவர்களுக்குக் குழைந்த சாதமும் ரசமும் தனியாகச் சொல்லிவையுங்கள்.

இவ்வளவு தூரம் வந்தோமே என்று அன்றைக்கே நவக்கிரகத் தலங்கள் ஒன்பதுக்கும் வண்டியைத் திருப்பாதீர்கள். மதியம் நடை சாத்தியிருக்கும் நேரம் பெரியவர்கள் படுத்து எழுவதற்கு. மாலையில் நடை திறந்ததும், கூட்டம் குறைவாக இருந்தால், காலசம்ஹார மூர்த்தியையும் அபிராமியையும் நிதானமாகப் பார்க்கலாம். காலையில் சடங்கின் அவசரத்தில் பெரும்பாலும் அவர்கள் சாமியைச் சரியாகப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

மறுநாள் கும்பகோணம் பக்கம் போவதாக இருந்தால், சுவாமிமலையில் அறுபது தமிழ் வருஷங்களைக் குறிக்கும் 60 படிகள் உண்டு. ஏற முடியாதவர்கள் கீழ்த்தளத்தில் மீனாட்சி சுந்தரேஸ்வரரைக் கும்பிட்டு உட்காரலாம். துணைக்கு ஒருவர் அவசியம். உப்பிலியப்பன் கோயிலில் நைவேத்தியமே உப்பில்லாமல்தான், ரத்தக்கொதிப்பு உள்ளவர் உப்புக்குப் பயப்படாமல் சாப்பிடலாம். ஆனால் எங்கே போவது என்பதை முதலில் அவர்களிடமே கேளுங்கள். நாற்பது வருஷத்துக்கு முன் வேண்டிக்கொண்டு நிறைவேற்றாத நேர்த்திக்கடன் ஏதாவது ஒரு கிராமத்துக் கோயிலில் பாக்கி இருக்கலாம். பிள்ளைகளுக்கு ஏன் சிரமம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இரண்டு மூன்று முறை கேட்க வேண்டியிருக்கும்.