தேள் எழும்போது வேட்டைக்காரன் எங்கே? ஏப்ரல் வானில் பார்த்தது

விருச்சிகத்தில் உள்ள விண்மீன்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாமல், தேளின் உடம்பை வைத்தே படித்துவிட வேண்டும் என்று இந்தக் கோடையில் இறங்கினேன். கையில் இருந்தது பத்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரும், எந்த ஊரின் வானத்தையும் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளும்தான். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு செம்மண் மேடு உண்டு. கிழக்கும் மேற்கும் அடிவானம் வரை திறந்து கிடப்பதால் அங்கேதான் போவேன்.

அரபு வானியலார் விட்டுச்சென்ற பெயர்கள் பெரும்பாலும் உறுப்புப் பெயர்கள். ஜுப்பா என்றால் நெற்றி. நடுவில் சிவந்து மின்னும் கேட்டை அவர்களுக்குத் தேளின் இதயம். அதற்கு இரு பக்கமும் காவல் நிற்கிற மாதிரி உள்ள இரண்டு விண்மீன்களுக்கும் அல்நியாத் என்று ஒரே பெயர், இதயத்தின் ரத்தக் குழாய்கள். வால் நுனியில் ஷௌலா, தூக்கிய கொடுக்கு. இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் வரைபடம் தேவைப்படுவதில்லை. கேட்டையை மட்டும் கிரேக்கர் செவ்வாயோடு சேர்த்துப் பார்த்தார்கள். போர்க்கடவுள் ஏரெஸுக்குப் போட்டி என்ற பொருளில் அண்டாரெஸ் என்றார்கள். செவ்வாய் அதன் பக்கத்தில் வரும் மாதங்களில் பார்த்தால் அந்தப் பெயரின் நியாயம் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தேளின் முன்கைகள். பழைய கிரேக்கர் அவற்றையும் தேளோடு சேர்த்தே பார்த்தார்கள். இன்று அந்த இடம் துலாம் ராசி. ஆனால் துலாத்தின் இரண்டு முக்கிய விண்மீன்களான சூபன் எல்கெனூபியும் சூபன் எஷமாலியும் இன்னும் தெற்கு முன்கை, வடக்கு முன்கை என்றே வழங்குகின்றன. தராசுக்குள் தேளின் கை! பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு இரண்டையும் இணைத்துப் பார்த்தேன், தேள் ஒன்றரை மடங்கு பெரிதானது போல இருந்தது.

இனி கதைக்கு வருகிறேன். பூமியில் உள்ள விலங்குகளையெல்லாம் கொன்றுவிடுவேன் என்று வேட்டைக்காரன் ஓரியன் வீம்பு பேச, பூமித்தாய் கையா ஒரு தேளை அனுப்பினாள். அது கொட்டி ஓரியன் இறந்தான். இருவரும் வானில் விண்மீன் கூட்டங்களானார்கள். தேளை ஏவியது வேட்டைத் தெய்வம் ஆர்டெமிஸ் என்றும் சொல்வார்கள், கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அராட்டஸ் அப்படித்தான் பாடுகிறார். தேள் எழுந்தால் ஓரியன் பூமியின் விளிம்புக்குக் கீழே ஓடிவிடுவான் என்பது அவர் வாக்கு. இரண்டும் வானில் சேர்ந்து தெரியாது என்று எல்லாரும் சொல்வது இதை வைத்துத்தான்.

எங்கள் ஊரில் இது பொருந்துகிறதா என்று ஏப்ரல் நடுவில் பார்த்தேன். பொருந்தவில்லை! இரவு 9.30 மணிவாக்கில் கேட்டை எழும் நேரத்தில் ஓரியன் முழு உருவமாக மேற்கில் இருந்தான். தலை வலப்பக்கம், கால் இடப்பக்கம் என்று சாய்ந்து கிடந்தான். காலான ரைஜல் மட்டும் அடிவான மூட்டத்தில் கலங்கித் தெரிந்தது. 10.10 அளவில் மேற்கே ஓரியனின் தோளான திருவாதிரையும் கிழக்கே கேட்டையும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்தன. இரண்டும் சிவப்பு, இரண்டும் செம்பெருமீன்கள். கையை நீட்டி, மூடிய முஷ்டியை அடிவானத்தில் வைத்தால் ஒவ்வொன்றின் உயரமும் அதற்குள் அடங்கிவிடும். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் அகலாங்கு (அட்சரேகை). ஏதென்ஸ் 38 பாகை வடக்கில் இருக்கிறது, நாங்கள் 9 பாகையில். தேள் வானத்தின் தென்பகுதியில் கிடப்பதால் தெற்கே இருப்பவர்களுக்குச் சீக்கிரம் எழுகிறது. ஏதென்ஸில் கேட்டை எழும்போது ஓரியனின் பெரும் பகுதி இறங்கிவிட்டிருக்கும். அங்கே ஷௌலா உச்சத்துக்கு வந்தாலும் 15 பாகை உயரம்தான். நமக்கு 44 பாகை. அதனால் வால் சுருண்டு கொடுக்கு தூக்கி நிற்கும் அழகு முழுதும் நம் பக்கத்தில்தான் தெரியும். ஷௌலாவையும் ஒட்டியிருக்கும் லெசாத்தையும் பைனாகுலரில் பார்த்தால் இரண்டு கண் போல இருக்கும். சற்று இடப்பக்கம் நகர்த்தினால் பழங்கால வானியலாளர் தாலமி கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்த விண்மீன் கொத்து, வெறும் கண்ணுக்கும் பனிப்புகை போலத் தெரியும்.

ஆனால் கதையை அதோடு தள்ளிவிட மனமில்லை. ஸ்டெல்லேரியத்தில் எங்கள் ஊரைப் போட்டு நேரத்தை மெல்ல நகர்த்தினேன். திருவாதிரை மறைகிற அதே நேரத்தில், 10.45 சுமாருக்கு, ஷௌலா எழுகிறது. ஷௌலாதான் நம் மூல நட்சத்திரத்தின் முதன்மை விண்மீன். அதாவது கொடுக்கு மேலே வரும்போது வேட்டைக்காரனின் தோள் கீழே போகிறது. கிரேக்கனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிரேக்கத்தில்கூடக் கிடைக்காது என்றே எனக்குப் படுகிறது. நட்சத்திர வரிசையிலும் திருவாதிரை 6ஆவது, மூலம் 19ஆவது. இருபத்தேழில் ஏறக்குறையப் பாதி வட்டம். (ராசிக் கணக்கில் மூலம் தனுசில் வரும். கண்ணுக்குத் தெரிகிற தேளின் வால் வேறு, வட்டத்தைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்த ராசி வேறு.)

அடுத்து எதிர்த்திசையைப் பார்க்க வேண்டும். தேள் மேற்கே இறங்கி, ஓரியன் கிழக்கே எழும் நேரம். கணக்குப்படி ஷௌலா மறைந்து சில நிமிடம் கழித்துத்தான் ரைஜல் எழும், அப்போது இரண்டும் சந்திப்பதே இல்லை. செப்டம்பர் நடுவில் நள்ளிரவுக்குச் சற்று முன் அது நடக்கும். வடகிழக்குப் பருவமழை மேகம் கூடுவதற்குள் பார்த்தாக வேண்டும். தென்மேற்கு மூலையில் மரம் மறைக்காத இடமாக ஒன்றைத் தேரியில் பார்த்து வைத்திருக்கிறேன்.