ஓரமும் முதுகும்

பழைய ஓவியங்கள் அடங்கிய கோப்பு ஒன்று கேலரிக்கு வந்தால், கண்காட்சியைத் திட்டமிடும் க்யூரேட்டர் படத்தைப் பார்ப்பார். தாள்களைப் பராமரிக்கும் என்னைப் போன்றவர்கள் தாளைப் பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்தவை எல்லாமே அரூப நீர்வண்ண ஓவியங்கள்; மரம், மனிதர் என்று அடையாளம் காண எதுவும் இல்லாதவை. வரைந்தவர் இறந்தபின் குடும்பத்தார் அலமாரியில் வைத்து மறந்துபோனவை. கையெழுத்து இல்லை, தலைப்பு இல்லை, தேதி இல்லை. கண்காட்சி வைப்பதென்று முடிவாகிவிட்டது. ஆனால் எந்தப் பக்கம் மேலே என்பதுகூடத் தெரியாது.

நிலக்காட்சி ஓவியத்தில் இந்தச் சிக்கல் வராது. நிறம் வெளுத்திருந்தாலும் தெரிந்துவிடும்: மரத்தின் இலைகள் நீலமாக இருந்தால், பச்சையில் கலந்திருந்த மஞ்சள் போய்விட்டது என்று ஊகிக்கலாம். அரூபத்தில் அப்படி ஒரு சாட்சி கிடையாது. இந்த நீலத் திட்டு முதலிலிருந்தே நீலமா, ஒரு காலத்தில் பச்சையா? எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் படம் வாய் திறக்காது. ஓரத்தையும் முதுகையும்தான் கேட்க வேண்டும்.

சில தாள்கள் முன்பு ஃபிரேமுக்குள் இருந்திருக்கின்றன. படத்தைச் சுற்றி வைக்கும் மவுன்ட் அட்டை மறைத்திருந்த ஓரத்தில் விரல் அகலத்துக்கு அடர் ரோஜா நிறம். வெளிச்சம் பட்ட நடுப்பகுதியில் அதே வண்ணம் மங்கிய பழுப்பு. பார்த்த எல்லோருக்கும் ஒரு கணம் பேச்சு வரவில்லை. 'அமைதியான மண் நிறங்கள்' என்று விளக்கக் குறிப்பில் எழுதி வைத்திருந்தார்கள், அதை அடித்துவிட்டோம். கோப்பிலேயே கிடந்த தாள்களோ நேற்று வரைந்தவை போல இருந்தன. யாரும் மாட்டிவைத்துக் கொண்டாடாததுதான் அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது.

மேல் கீழ் விஷயத்துக்கும் தடயம் தேடினோம். சாய்வாக வைத்து வரைந்த தாளில் ஈர வண்ணம் கீழே வழிந்து தேங்கி, காயும்போது அடர்த்தியான விளிம்பை விடும். ஆனால் வரையும்போதே தாளைத் திருப்பிக்கொண்டிருந்தால் அந்தக் கோடும் ஏமாற்றும். பின்புறம் பழைய டேப் ஒட்டிய கறை ஒரே ஓரத்தில் இருந்தால், அது மேல் பக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்திலேயே 1961இல் பிரெஞ்சு ஓவியர் மட்டீஸின் 'படகு' 47 நாட்கள் தலைகீழாகத் தொங்கியது; கடைசியில் ஒரு பார்வையாளர்தான் கண்டுபிடித்தார். இதை நாங்கள் அடிக்கடி சொல்லிச் சிரிப்போம், கொஞ்சம் பயத்தோடு.

தேதியிலும் அவசரப்படக் கூடாது. தாளை ஒளிக்கு எதிரே பிடித்தால், அதைச் செய்யும்போதே பதித்த வாட்டர்மார்க் அடையாளம் தெரியும். வாட்மேன் என்ற ஆங்கிலேயத் தயாரிப்பு போன்ற சில தாள்களில் ஆண்டே இருக்கும். அது தாள் பிறந்த ஆண்டுதான், ஓவியம் பிறந்தது அல்ல. அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியின் 'முதல் அரூப நீர்வண்ணம்' எனப்படும் படத்தில் 1910 என்று இருக்கிறது; அது 1913 வாக்கில் வரையப்பட்டிருக்கும் என்று வாதிடும் ஆய்வாளர்கள் பலர்.

முதுகு எவ்வளவு பேசும் என்பதற்கு பிரிட்டிஷ் ஓவியர் ஜார்ஜியானா ஹௌட்டனைச் சொல்வேன். காண்டின்ஸ்கிக்குப் பல பத்தாண்டுகள் முன்பே நீர்வண்ணத்தில் சுருள்சுருளாக அரூபம் வரைந்தவர். 1871இல் லண்டனில் சொந்தச் செலவில் 155 படங்களைக் காட்சிக்கு வைத்தார், பெரும் நஷ்டம். 2016இல்தான் அதே லண்டனின் கோர்டால்ட் கேலரி அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. படங்களின் பின்புறத்தில் அவரே விளக்கம் எழுதி வைத்திருந்தார். ஃபிரேமுக்குள் ஒட்டி மூடியிருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அதனால் நான் ஒன்றில் பிடிவாதமாக இருந்தேன்: ஓரங்களை மறைக்கக் கூடாது. ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் கொண்டு பின்னாலிருந்து தாங்கி, தாள் முழுதும் தெரியும்படி பொருத்தினோம். கிழிசலும் கறையும் அசிங்கமாக இருக்கிறது என்றார் வடிவமைப்பாளர். இருக்கட்டும் என்றேன்.

வெளிச்சம் 50 லக்ஸ்; லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு. "ஏன் இவ்வளவு இருட்டு?" என்று கேட்காத பார்வையாளர் குறைவு. கணக்கு எளியது. தினம் எட்டு மணி நேரம், 90 நாட்கள் என்றால் 36,000 லக்ஸ் மணி. 500 லக்ஸ் வெளிச்சமுள்ள அலுவலக மேசை இதே அளவை ஒன்பது நாளில் கொடுத்துவிடும். போன நிறம் திரும்பாது. இருட்டில் வைத்தால் இழப்பு நிற்கும், அவ்வளவுதான்.

கண்காட்சி நன்றாக ஓடியதும் வேறொரு கேலரி அதே படங்களை உடனே கடன் கேட்டது. மாட்டியிருந்தவற்றைத் தர முடியாது, கோப்பில் மிஞ்சியவற்றில் சில தரலாம் என்று எழுதி, இந்தக் கணக்கையும் இணைத்தோம். போஸ்டரில் வந்த படம்தான் வேண்டும் என்று பதில் வந்தது. அது ரோஜா ஓரம் கொண்ட தாள். தரவில்லை.