எட்டாவது பெயர்

எங்கள் உயர்தரக் கிறிஸ்தவ பாட வகுப்பில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம் தொடங்கும் நாளில் மாஸ்டர் வேதாகமத்தைத் திறக்கவிடமாட்டார். கரும்பலகையின் நடுவே இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவை எழுதி வட்டமிடுவார். வடகிழக்கே தமஸ்கு, தென்மேற்கே காசா, வடமேற்கே தீரு, தென்கிழக்கே ஏதோம். வெண்கட்டிக் கோடுகளை இழுத்தால் அவை அந்த வட்டத்தை ஒட்டியே வெட்டிக்கொள்ளும். பிறகு யோர்தானுக்கு அப்பால் அம்மோன், மோவாப், தெற்கே யூதா. ஏழு பெயர். அயலவன் எல்லாருக்கும் தீர்ப்புக் கிடைத்துவிட்டது என்று இஸ்ரவேலன் நிம்மதியாக மூச்சுவிடும்போது, எட்டாவதாக அவன் பெயர் வரும்.

ஒவ்வொரு தீர்ப்பிலும் குற்றம் தனியாகச் சொல்லப்பட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். தமஸ்கு, இஸ்ரவேலின் கீலேயாத்தை இருப்புக் கருவிகளால் போரடித்தது. நம் ஊர்ச் சூடடிப்புப்போல் மாட்டின் காலால் மிதிப்பதல்ல அது. அடியில் கூரான பற்கள் பதித்த பலகையைக் கதிரின்மேல் இழுப்பார்கள். காசா சிறைப்பட்ட மக்களை மொத்தமாக ஏதோமுக்கு விற்றது. மோவாப் ஏதோம் ராஜாவின் எலும்புகளைச் சுண்ணாம்பாகச் சுட்டது. இந்த இடத்தில்தான் பரீட்சையில் பலர் சறுக்குவார்கள், மோவாப் இஸ்ரவேலுக்குச் செய்த தீங்கு என்று எழுதிவிடுவார்கள். இஸ்ரவேலுக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. தன் மக்களுக்கு நடக்காத அநியாயத்தையும் கர்த்தர் கணக்கில் எடுக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான வசனம் எனக்குத் தெரியாது.

ஏழு தேசங்களுக்கும் தண்டனை தீ. எட்டாவதற்குத் தீ இல்லை; கதிர்க்கட்டு நிறைய ஏற்றிய வண்டியின் பாரம் சொல்லப்படுகிறது. குற்றமும் போர்க்களத்துக் குற்றமல்ல. எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றார்கள். அடகாக வாங்கிய வஸ்திரத்தைப் பலிபீடத்தருகே விரித்துப் படுத்தார்கள். அடகு வஸ்திரத்தைப் பொழுதுபடுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்துச் சட்டம். ஏழைக்கு இரவில் போர்க்க வேறு துணி கிடையாது.

ஆமோஸ் 8ஆம் அதிகாரத்தில் மரக்காலைக் குறைத்து சேக்கலை அதிகமாக்கினார்கள் என்பதையும் அவசரமாகக் கடக்கக்கூடாது. சேக்கல் அன்று நாணயமல்ல, ஏறத்தாழ 11 கிராம் எடைக்கல். தானியம் மரக்காலில் அளந்து கொடுக்கப்படும். வாங்குபவனின் வெள்ளி அந்தக் கல்லுக்கு எதிரே நிறுக்கப்படும். மரக்கால் சிறுத்து, கல்லும் கனத்தால், ஒரே விற்பனையில் இரண்டு களவு.

தீர்க்கதரிசனம் என்றால் வருங்காலம் சொல்வது என்று நினைப்பவர்கள் மீகா என்ற தீர்க்கதரிசியிடம் வந்து திகைப்பார்கள். சீயோன், அதாவது எருசலேம், வயலைப்போல் உழப்படும் என்றார் அவர். அவர் காலத்தில் அது நடக்கவில்லை. ஆனாலும் அவரை யாரும் பொய்யர் என்று சொல்லவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, நகரம் அழியும் என்று சொன்ன எரேமியா தீர்க்கதரிசியைக் கொல்ல வேண்டும் என்று கூட்டம் கூச்சலிட்டபோது, மூப்பர் சிலர் எழுந்து மீகாவின் அந்த வாக்கைச் சொன்னார்கள்: எசேக்கியா ராஜா கர்த்தருக்குப் பயந்து மன்றாடினார், சொன்ன தீங்கை விட்டுக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார். எரேமியா தப்பினார்.

இதைச் சொல்லும் எரேமியா 26ஆம் அதிகாரத்தில் இன்னொருவரும் இருக்கிறார், கீரியாத்யாரீம் ஊர் உரியா. எரேமியா சொன்னதையே அவரும் சொன்னார். யோயாக்கீம் ராஜா எகிப்துவரை ஆள் அனுப்பிப் பிடித்துவந்து, வெட்டிப் பொதுமக்கள் கல்லறையில் போட்டான்.