கட்டைவிரலுக்கு சர்வீஸ் கிடையாது

கடலூரிலிருந்து பாண்டி போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, சவுக்குத் தோப்பு ஓரமாக ஒரு தரிசு நிலம். போன வருடம், 2025 மார்ச்சில் ஒரு காலை ஏழு மணி. ட்ரோன் ஓட்டும் பயிற்சிக்கு எட்டுப் பேர் நின்றிருந்தோம். பயிற்சியாளருக்கு என் வயதில் பாதிக்கு மேல் கொஞ்சம் இருக்கும். "சார் ஏர்ஃபோர்ஸ்ல ட்ரோன் யூனிட்ல இருந்து ரிட்டயர் ஆனவர். முதல்ல சார் ஓட்டிக் காட்டட்டும்" என்று ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு மரியாதை செய்கிறாராம். ட்ரோனை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும் ஜிபிஎஸ் உதவியை வேறு அணைத்துவிட்டார்.

மேலே ஏற்றினேன், ஏறியது. முகப்பை என் பக்கம் திருப்பினேன், திரும்பியது. லேசாக என் இடப்பக்கம் நகர ஆரம்பித்தது. வலப்பக்கம் இழுக்கலாமென்று ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினேன். அது முன்னைவிட வேகமாக இடது பக்கம் ஓடியது. இன்னும் தள்ளினேன். சவுக்கு மரத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும்போது பயிற்சியாளர் தன் கையிலிருந்த இன்னொரு ரிமோட்டால் பிடித்து நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

ஏர்ஃபோர்ஸ் என்றாலே பைலட் என்றுதான் ஊரில் நினைப்பு. என் அம்மாவே தெருவில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். நான் ஏர்மேன், தரையில் விமானத்தைப் பராமரிக்கிற ஆள். 2004ல் பெல்காம் சாம்ப்ராவில் அடிப்படைப் பயிற்சி, அப்புறம் பெங்களூரு ஜாலஹள்ளியில் தொழில் பயிற்சி. சில வருடம் வேறு விமானங்கள், பிறகு ஆளில்லா விமானங்கள் இருக்கும் ஒரு ஸ்குவாட்ரன். இருபது வருடம் முடித்து 2024ல் சார்ஜென்டாக வெளியே வந்தேன். அந்த ஆளில்லா விமானங்களின் வயரிங்கை இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஓட்டியது ஒரு நிமிடம்கூட இல்லை.

பிறகு ஏன் இந்த வேலை என்றால், கரும்பு. நெல்லிக்குப்பம் பக்கம் அக்கா வீட்டுக்குக் கரும்புத் தோட்டம். ஆறு மாதம் தாண்டிவிட்டால் ஆளுயரத்துக்கு மேல் போய்விடும். தோளில் ஸ்ப்ரேயரை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைய எவரும் வருவதில்லை, சோகை இலை கையை அறுத்துவிடும். மருந்தடிக்கும் ட்ரோனுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அக்கா மகன் புலம்பிக்கொண்டே இருந்தான். ஒரு வங்கியில் காவலாளி வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டு இதற்கு வந்தேன்.

சட்டப்படி இது பெரிய மலையில்லை. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள்தான் இன்றைக்கும் அடிப்படை. வயது 18 முதல் 65 வரை, பத்தாம் வகுப்பு தேர்ச்சி, அனுமதி பெற்ற பயிற்சி மையத்தில் படித்துத் தேர்வில் தேற வேண்டும். முதலில் லைசென்ஸ் என்றார்கள், 2022ல் அதைச் சான்றிதழ் என்று மாற்றினார்கள். 250 கிராம் வரை உள்ள நானோ வகைக்குச் சான்றிதழ் தேவையில்லை. கல்யாண வீடியோக்காரர்கள் 249 கிராம் ட்ரோனைத் தேடி வாங்குவதன் ரகசியம் அதுதான். 2 கிலோவிலிருந்து 25 கிலோ வரை ஸ்மால் வகை. 10 லிட்டர் மருந்து நிரப்பிய ட்ரோன் அந்த 25 கிலோவை ஒட்டி வந்து நிற்கும்.

மலை வேறு இடத்தில் இருந்தது. இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து. படையில் சேர்ந்தபோது அந்த எழுத்தை விரித்து அப்பா பெயரை எனக்குக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். இருபது வருடம் என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால். மூன்று தாளில் மூன்று ஆள். இணையத்தில் பதிவு செய்ய முயன்ற ஒவ்வொரு தடவையும் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பியடித்தது. ஆதார் திருத்தப் போன மையத்தில் ஒருநாள் சர்வர் இல்லை, ஒருநாள் டோக்கன் தீர்ந்துவிட்டது, ஒருநாள் கொண்டுபோன தாள் செல்லாது என்றார்கள். மூன்று வாரம் போயிற்று. சேரப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பணம் கட்டுவதற்கு முன் மார்க் ஷீட்டையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

வகுப்பு பாண்டியில், பறப்பது கடலூர்ப் பக்கம். காரணம் லாஸ்பேட்டை விமான நிலையம். அது ஊருக்குள்ளேயே இருக்கிறது. விமான நிலைய வேலியிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்குக் கீழே மட்டும் அனுமதி கேட்காமல் பறக்கலாம்; அதற்கும் உள்ளே போனால் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கேட்க வேண்டும், இன்னும் நெருங்கினால் சிவப்பு. எல்லாம் தாண்டிப் பச்சைப் பகுதிக்கு வந்தால் 400 அடி. பாண்டி பீச்சில் ட்ரோன் விட்டு ரீல்ஸ் எடுக்கிற பையன்களுக்கு இதெல்லாம் தெரிந்த மாதிரி இல்லை.

வகுப்பறைப் பாடம் எனக்குப் பழைய சோறு. பேட்டரி பற்றிச் சொன்னதை மட்டும் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். நாங்கள் பார்த்தது பெட்ரோல் என்ஜின். ஹெரான் என்ற ஆளில்லா விமானத்தில் வாலுக்கு முன்னால் ரோட்டாக்ஸ் என்ஜின் உட்கார்ந்து பின்னாலிருந்து தள்ளும், இறக்கையின் அகலம் 16 மீட்டருக்கு மேல், ஒரு நாளுக்கு மேல் மேலேயே இருக்கும். இங்கே பன்னிரண்டு நிமிடத்தில் இறக்கியாக வேண்டும். லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் நிறை. பயன்படுத்தாமல் வைக்கும்போது 3.8க்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும், முழுசாக ஏற்றி வைத்தால் வயிறு வீங்கிவிடும்.

இடைவேளையில் பையன்கள் கேட்டதெல்லாம் தளத்து வாழ்க்கையைத்தான். சினிமாவில் வருகிற மாதிரியா சார்? நான் இருந்த தளங்களின் பெயரைச் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. மற்றதைச் சொல்லலாம்.

எல்லையை ஒட்டிய தளத்தில் முக்கால்வாசி வேலை காத்திருப்பது. விமானம் மேலே போய்விட்டால் தரையில் இருக்கும் கேபினில் உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் ஷிஃப்ட் மாறுவார்கள், இறங்கும் வரை நமக்கு விமானம் நிற்கும் லைனைவிட்டு நகர முடியாது. வெளியே 45 டிகிரி, கேபினுக்குள் ஏசி. அந்த ஏசி மனிதருக்காக இல்லை, கம்ப்யூட்டருக்காக. ஆந்தி என்று ஒரு புழுதிக்காற்று வரும், வந்தால் பல்லுக்கு நடுவில் இரண்டு நாளைக்கு மணல் நறநறக்கும். காலையில் ஓடுபாதையில் வரிசையாக நடந்து கல், ஆணி, கம்பித் துண்டு பொறுக்குவோம். மயில் விரட்டுவதும் ஒரு டூட்டி. ஊரில் முருகன் வாகனமென்று கும்பிடுகிற பறவையைப் பட்டாசு கொளுத்தித் துரத்தியிருக்கிறேன்.

கருவி வைக்கும் தட்டில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே குழி வெட்டியிருக்கும். வேலை முடிந்து ஒரு குழி காலியாக இருந்தால் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது, விமானமும் கிளம்பாது. ஒரு ராத்திரி ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் காணோம். பதினோரு பேர் டார்ச்சோடு இரண்டு மணி நேரம் தேடினோம். கடைசியில் அது நான் போட்டிருந்த டங்கிரி என்ற வேலை உடுப்பின் கால் பாக்கெட்டில் இருந்தது. அந்த வாரம் முழுக்க டீ என் செலவு.

சாப்பாடு ரொட்டி, பருப்பு. வாரத்தில் ஒருநாள் தோசை என்று ஒன்று போடுவார்கள், அது தோசை இல்லை. அம்மா கடலூர் முதுநகரிலிருந்து வஞ்சிரக் கருவாடு வாங்கி அனுப்பியிருந்தார். ஹீட்டரில் வைத்துச் சுட்டபோது பக்கத்துக் கட்டில் ஹரியானாக்காரன் ஏதோ செத்துக் கிடக்கிறதென்று நாங்கள் தங்கியிருந்த பில்லட் முழுக்கத் தேடிப் பார்த்தான்.

2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் இரண்டு சின்ன ட்ரோன்கள் குண்டு போட்டன. ஒரு கட்டடத்தின் கூரையில் ஓட்டை, இரண்டு பேருக்கு லேசான காயம். செய்தியில் நான்கு நாள் ஓடியது. எங்களுக்கு அதோடு ராத்திரியே மாறிவிட்டது. அதுவரை காவல் டூட்டியில் வேலியைப் பார்ப்போம், அதன் பிறகு அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தோம். பருந்தைப் பார்த்தாலும் இரண்டு தடவை பார்ப்போம். இரண்டே மாதத்தில் மேலே சொன்ன விதிகள் வந்தன. அவை ட்ரோனை எளிதாக்கவே வந்தவை. அன்றைக்கு அதைப் படித்து, இவர்களுக்கென்ன பைத்தியமா என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

சரி, முகப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஹெரான் தானாகவே ஏறி இறங்கும். அதற்கு முந்தைய செர்ச்சர் வகையில், ஏற்றவும் இறக்கவும் ஓடுபாதை ஓரத்தில் ஒருவர் நிற்பார். கழுத்தில் மாட்டிய பெட்டி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கேபினில் இருப்பவர் உள் பைலட், இவர் வெளிப் பைலட். விமானம் இவரை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். அதன் வலது இவருடைய இடது. அன்றைக்கு அது எனக்கு வீடியோ கேம் மாதிரித்தான் பட்டது. ஒருநாள் காத்திருப்பில் பொழுது போகாமல் அந்த அதிகாரியிடமே கேட்டேன், எப்படி சார் குழம்பாமல் இருக்கிறீர்கள் என்று. "இடம் வலம் யோசிக்கவே யோசிக்காதே. எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளு" என்றார் ஹிந்தியில். தலையாட்டிவிட்டு மறந்துபோனேன்.

சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அது ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் தார் போட்ட வாழை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுப்போம். அவ்வளவுதானே அவர் சொன்னது! ட்ரோன் என்னைப் பார்த்து நிற்கும்போது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக். மூளைக்கு ஒரு நொடியில் புரிந்தது. கட்டைவிரலுக்குப் புரிய மூன்று நாள் ஆயிற்று. அதற்கு இருபது வருட சர்வீஸ் இல்லையே. ராத்திரி வீட்டில் சிமுலேட்டரை வைத்துக்கொண்டு "முட்டு, முட்டு" என்று முணுமுணுத்ததில் என் மனைவி பயந்துவிட்டாள்.

எங்கள் பேட்சில் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து மகளிர் குழு அக்கா ஒருவர் வந்திருந்தார். 15,000 குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கும் நமோ ட்ரோன் தீதி திட்டத்தைக் கேள்விப்பட்டு, அதற்குக் காத்திருக்காமல் தானே பணம் கட்டி வந்தவர். இரண்டு கூம்புகளைச் சுற்றி எட்டு போட வேண்டும், முகப்பு எப்போதும் போகிற திசையில் இருக்க வேண்டும். ஆர்டிஓ ஆபீஸில் பைக்கில் எட்டு போட்டதைவிட இது நூறு மடங்கு படுத்தியது. அந்த அக்கா முதல் நாளே வழுவழுவென்று போட்டார். "சிக்குக் கோலத்துல போடாத எட்டா சார்?" என்றார். கூட வந்த இன்ஜினியரிங் பையன்கள் வாயைத் திறக்கவில்லை.

நான் தேறியது வேறு இடத்தில். நான்காம் நாள் ஒரு பையன் தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானாகத் திரும்பும் பயிற்சியைச் செய்யத் தயாரானான். எல்லாம் சரி என்று கட்டைவிரலை உயர்த்தினான். திரும்பும் உயரம் எவ்வளவு வைத்திருக்கிறாய் தம்பி என்றேன். திரையைப் பார்த்தான்: 15 மீட்டர். ட்ரோன் நின்ற இடத்துக்கும் எங்களுக்கும் நடுவில் வரப்பில் மூன்று பனை. பனை அதைவிட உயரம். தொடர்பை அறுத்திருந்தால் அது நேர்கோட்டில் வந்து மட்டையில் உட்கார்ந்திருக்கும். படையில் ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால் இந்த உயரத்தை ஒருவர் படிப்பார், இன்னொருவர் திருப்பிச் சொல்வார், அப்புறம்தான் கையெழுத்து. பயிற்சியாளர் அன்றிலிருந்து சரிபார்ப்புப் பட்டியலை என்னைப் படிக்கச் சொன்னார்.

தேர்வு மதியம் இரண்டு மணிக்கு வைத்தார்கள். கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், பன்னிரண்டு ஒன்றுக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். எழுத்துத் தேர்வு பிரச்சினையில்லை. பறக்கும் தேர்வில் எட்டு வந்தது, முகப்பை என் பக்கம் வைத்து நிறுத்தியதும் வந்தது. இறக்கும்போது ஒரு காற்று தள்ளி, கட்டத்துக்கு வெளியே ஒரு முழம். மறுநாள் வாருங்கள் என்றார்கள். ஆறரை மணிக்கே போய் நின்றேன். சவுக்கு ஊசிகூட அசையவில்லை. கட்டத்தின் நடுவில் இறக்கினேன்.

பதினோரு நாளில் சான்றிதழ் வந்தது, பத்து வருடத்துக்குச் செல்லும். பெயர் மார்க் ஷீட்டிலும் திருத்திய ஆதாரிலும் உள்ளபடியே இருந்தது என்பதை முதலில் பார்த்தேன், படத்தை அப்புறம்தான் பார்த்தேன்.

மே 8 ராத்திரி மேற்கு எல்லை நெடுக 36 இடங்களில் பாகிஸ்தானிலிருந்து 300, 400 ட்ரோன்கள் வந்ததாக மறுநாள் அரசு சொன்னது. எங்கள் பழைய யூனிட் வாட்ஸப் குழுவில் நான்கு நாள் ஒரு செய்தி இல்லை. வேலையில் இருப்பவர்கள் போனைக் கொடுத்துவிட்டிருப்பார்கள், தெரியும். ஆனாலும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் ஒருவன் காலை வணக்கம் படம் ஒன்று போட்டான், ரோஜாப்பூவோடு. அந்தப் படங்களை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

ஜூன் முதல் வாரம் நெல்லிக்குப்பத்தில் அக்கா வீட்டுக் கரும்பில் முதல் வேலை, வாடகைக்கு எடுத்த ட்ரோனோடு. விடியற்காலை, காற்று இல்லை. இறக்கை, மோட்டார், பேட்டரி, முனைக் குழாய், திரும்பும் உயரம் எல்லாம் பார்த்துவிட்டு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டேன். படையில் நாங்கள் பார்த்துக் கையெழுத்திடுவோம், ஓட்டுகிறவர் அதைப் படித்துவிட்டு ஏற்றுக்கொண்டு கையெழுத்திடுவார். பழக்கத்தில் நோட்டிலும் இரண்டு கோடு கிழித்திருந்தேன். முதல் கோட்டில் போட்டேன். கொஞ்சம் நின்று இரண்டாவதிலும் போட்டேன்.

"ரெண்டுலயும் நீங்களேதான மாமா, எதுக்கு ரெண்டு தடவ?" என்றான் அக்கா மகன்.

"முதல்ல போட்டவனை நம்பக் கூடாதுடா" என்றேன்.

மருந்து கலந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தான்.