கதிர்காமம் முதல் பாதமலை வரை: எல்லாம் ஒரே சாமிதானா?

‘எல்லாச் சாமியும் ஒண்ணுதான், பேருதான் வேற’ என்று பேசுபவர்களை ஒருமுறையாவது கதிர்காமத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பது என் கட்சி. வழக்கமாக அந்தப் பேச்சுக்குச் சாட்சியாகத்தான் கதிர்காமத்தைக் காட்டுவார்கள். எனக்கோ அங்கே போன பிறகுதான் அதில் சந்தேகமே வந்தது.

இலங்கையின் தென்கிழக்கில், யால காட்டை ஒட்டி, மாணிக்க கங்கைக் கரையில் இருக்கிறது ஊர். ஆற்றில் முங்கி எழுந்து பாலத்தைத் தாண்டினால் நீளமான ஒரு வீதி. ஒரு கோடியில் மகா தேவாலயம் எனப்படும் முருகன் கோயில், மறு கோடியில் வள்ளியம்மன் கோயில். வள்ளியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசல். முருகன் கோயிலுக்குப் பின்னால் அரச மரம், அதையும் தாண்டி நடந்தால் கிரி விகாரை என்கிற பெரிய வெள்ளைப் பௌத்தத் தாதுகோபுரம். எல்லாமே நடந்து போகிற தூரம்தான்.

தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மகா தேவாலயம் சட்டென்று பிடிபடாது. கோபுரம் இல்லை. மூலவர் சிலை என்று ஒன்று கண்ணில் படாது. மயில்மேல் வள்ளி தெய்வானையோடு முருகன் வரைந்த திரை தொங்குகிறது. அதுதான் தரிசனம். திரைக்கு உள்ளே ஒரு பேழையில் யந்திரம் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆடித் திருவிழாவில் அந்தப் பேழைதான் யானைமேல் ஏறி வள்ளியம்மன் கோயிலுக்குப் போகிறது. பூசை செய்கிற கப்புறாளைமார் மந்திரம் எதுவும் சொல்லாமல், வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு செய்கிறார்கள். நான் போனது திருவிழா இல்லாத நாள், இருந்தும் மாலைப் பூசைக்குப் பழத்தட்டு ஏந்திய வரிசை வாசலைத் தாண்டி நின்றது. தமிழர் ‘அரோகரா’ என்றார்கள். சிங்களவர் ‘ஹரோ ஹரா’ என்றார்கள். கேட்கப் புல்லரிக்கத்தான் செய்தது.

வரிசையில் எனக்கு முன்னால் மாத்தறையிலிருந்து வந்த சிங்களக் குடும்பம். அப்பாவுக்குக் கொழும்பில் தமிழர்களோடு வேலை, அதனால் தமிழ் நன்றாகவே வந்தது. புது வண்டி வாங்கியிருக்கிறார், நேர்த்திக்கடன். ‘முதல்ல கிரி விகாரைக்குப் போய்ப் பூ வச்சிட்டு வந்தோம். புத்தர்தான் முதல். பிறகு கதரகம தெய்யோ’ என்றார். தெய்யோ என்றால் காவல் தெய்வம். இந்த நாட்டையும் பௌத்தத்தையும் காக்கிறவர். கேட்டதைக் கொடுப்பார்.

‘பதிலுக்கு நீங்கள் என்ன கொடுப்பீர்கள்?’ என்றேன். பழம், தேங்காய் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

‘புண்ணியம் கொடுப்போம்’ என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். தானம் செய்து, பூ வைத்து, சீலம் காத்துச் சேர்த்த புண்ணியத்தில் தெய்வத்துக்கும் பங்கு கொடுப்பார்களாம். தெய்வமும் பிறவிச் சுழலில் இருப்பவர்தானே, அவருக்கும் புண்ணியம் வேண்டும், அவரும் ஒருநாள் ஞானம் அடைய வேண்டும். தெய்வம் தருவது வண்டி, பக்தர் தருவது புண்ணியம்.

எனக்கு அடுத்து நின்றவர் மட்டக்களப்புப் பக்கத்து அம்மா. அவருக்கு முருகன் பரம்பொருள். பிறப்பை அறுக்கிறவன், அவனுக்கு யாரும் எதுவும் கொடுத்து ஆகவேண்டியது இல்லை. அந்த மாத்தறைக்காரருக்கும் இந்த அம்மாவுக்கும் நடுவில் ஒரே திரை, ஒரே பழத்தட்டு. திரைக்குப் பின்னால் இருப்பவர் முக்தி தருகிறவரா, முக்திக்குக் காத்திருக்கிறவரா?

மறுநாள் காலை பள்ளிவாசல் பக்கம் போனேன். திருவிழாக் காலத்தில் இங்கேயும் கொடியேறும். பச்சை வண்ணமடித்த சுவர், அடங்கிய பெரியார்களின் ஸியாரம் (அடக்கத்தலம்), சாம்பிராணி வாசனை. வெளியே திண்ணையில் இருந்த பெரியவர் ‘இந்தியாவா மகன்?’ என்று கேட்டு உட்காரவைத்தார். இது ஹிழ்ர் நபியின் இடம் என்றார். குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயத்தில் மூஸா நபி சந்திக்கிற, பெயர் சொல்லப்படாத அந்த அடியார் ஹிழ்ர்தான் என்பது முஸ்லிம்களின் மரபு. சாகாவரம் தரும் நீரைக் குடித்தவர் என்றும் நம்பிக்கை உண்டு. பேச்சுவாக்கில், ‘அப்போ முருகனும் ஹிழ்ர் நபியும் ஒருத்தர்தான்னு சொல்றாங்களே?’ என்று கேட்டுவிட்டேன். பெரியவர் கோபப்படவில்லை.

‘அப்பிடிச் சொல்றது சரியில்ல மகன். அல்லாஹ் ஒருத்தன்தான். ஹிழ்ர் அவன்ட அடியார். நாங்க அவர வணங்குறல்ல. அவங்க வணங்குறத நாங்க தடுக்கிறதும் இல்ல.’

ஆக, ஒரே வீதியில் ஒருவர் முழுமுதற் கடவுள் என்கிறார், ஒருவர் காவல் தெய்வம் என்கிறார், ஒருவர் கடவுளே இல்லை, கடவுளின் அடியார் என்கிறார். பெயர் மட்டும் வேறு என்றால் அகராதியைத் திறந்து சமாளித்துவிடலாம். இங்கே ஆளின் தகுதியே வேறு. ‘எல்லாம் ஒன்றே’ என்று மேலே நின்று தீர்ப்புச் சொல்வதும் இந்த மூன்று பேருக்கு மேலே போன பொது உண்மை ஒன்றும் இல்லை. அதுவும் நான்காவதாக ஒரு சமயக் கொள்கை, அவ்வளவுதான். நம் பக்கத்தில் அது தண்ணீர்போல் புழங்குவதால் கொள்கை என்றே தோன்றுவதில்லை. அந்தப் பெரியவரிடம் போய் ‘உங்களுக்கே தெரியாமல் நீங்கள் முருகனைத்தான் கும்பிடுகிறீர்கள்’ என்று சொல்வது மரியாதையா?

அங்கிருந்து மலையகம் போகும் வழியில் பலாங்கொடைப் பக்கம் கூரகல இருக்கிறது. முஸ்லிம்களுக்கு அது தப்தர் ஜெய்லானி. பக்தாதின் சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானி வந்து தியானம் செய்த குகை என்று நம்புகிறார்கள். பௌத்தர்களுக்கு அது பழைய பிக்குகளின் குகை விகாரை, பிராமிக் கல்வெட்டுகள் உள்ள இடம். இங்கே பல வருடமாகத் தகராறு. 2013-ல் பள்ளிவாசலைச் சேர்ந்த சில கட்டடங்கள் அகற்றப்பட்டன. உள்ளே இருப்பது யார் என்று கதிர்காமத்தில் யாரும் வழக்காடவில்லை. இங்கே நிலம் யாருடையது என்று கேள்வி வந்துவிட்டது. இறங்கி நிறைய நேரம் நிற்கப் பிடிக்கவில்லை, கிளம்பிவிட்டேன்.

சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணியிலிருந்து இரவில் ஏறத் தொடங்கினேன். 2,243 மீட்டர் உயரம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரைதான் யாத்திரைக் காலம், அப்போது வழியெல்லாம் விளக்குப் போட்டிருப்பார்கள். உச்சிப் பாறையில் ஒரு பாதச்சுவடு. பௌத்தருக்குப் புத்தரின் இடப்பாதம். சைவருக்குச் சிவன் பாதம். முஸ்லிம்களுக்கு, சொர்க்கத்திலிருந்து இறங்கிய ஆதம் நபி கால் பதித்த இடம், அதனால் பாவா ஆதம் மலை. கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமையார் என்பார்கள். கூட்டிப் பாருங்கள், இந்த நால்வரில் கடவுள் என்று சொல்லப்படுகிறவர் ஒருவர்தான். ஆதம் முதல் மனிதர். தோமா சீடர். புத்தரைக் கடவுள் என்றால் பிக்குகளே மறுப்பார்கள். ‘ஒரே கடவுள், பல பெயர்’ என்பதற்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிற மலையின் நிலவரம் இது!

பாதி வழியில் ஒரு கொட்டிலில் பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) குடிக்க உட்கார்ந்தபோது யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேச்சுத் துணையாகச் சேர்ந்துகொண்டார். என் சந்தேகத்தைச் சொன்னதும் சிரித்தார். கிழக்கே மேகம் விலகி ஒரு வெள்ளி பளிச்சென்று நின்றது. ‘உதைப் பாரும் தம்பி. விடிவெள்ளி எண்டும் சொல்லுறம், பின்னேரத்திலை வந்தால் அந்திவெள்ளி எண்டும் சொல்லுறம். ரெண்டும் ஒரே கோள்தானே? சாமியும் அப்பிடித்தான்.’

நல்ல வாதம்தான். ஆனால் இரண்டும் ஒன்று என்று எப்படித் தெரிந்தது? பல மாதங்கள் வானத்தைப் பார்த்து, போகிற பாதையைக் குறித்து, கணக்குப் போட்டுத் தெரிந்தது. முருகனுக்கும் ஹிழ்ருக்கும் அப்படிப் பாதை வரைந்து பார்க்க எந்த வானம் இருக்கிறது? இதைச் சொன்னேன்.

அவர் விடவில்லை. ‘அப்ப ஒண்டு கேக்கிறன். என்ரை மனுசி கும்பிடுற முருகன், பிள்ளையளின்ரை சோதனை, கனடா விசா எல்லாம் பாக்கிறவர். நான் கும்பிடுற முருகன் ஒண்டும் செய்யாமல் சும்மா நிக்கிறவர். நீர் சொல்லுறபடி பாத்தால் நாங்கள் ரெண்டு பேரும் ரெண்டு சாமியைக் கும்பிடுறம். ஆனா அர்ச்சனைத் தட்டு ஒண்டுதான் வாங்குறம்!’

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் வாயடைத்துப் போனேன் என்பது உண்மை. அடுத்த நூறு படிகளில் பதில் கிடைத்தது. அவருக்கும் அவர் மனைவிக்கும் சண்டை வந்தால் தீர்த்துவைக்க இருவரும் ஒப்புக்கொள்ளும் புராணம் இருக்கிறது, திருப்புகழ் இருக்கிறது, ஊர்க் கோயில் குருக்கள் இருக்கிறார். பள்ளிவாசல் பெரியவருக்கும் மாத்தறைக்காரருக்கும் பொதுவாக அப்படி ஒரு நடுவர் இல்லை. ஒரே குடும்பத்துக்குள் கருத்து வேறுபடுவது ஒன்று, குடும்பமே வேறாக இருப்பது வேறு. ஆசிரியர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. உச்சிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை.

இந்த மலைக்கு 1344-ல் மொராக்கோப் பயணி இபுன் பதூதா ஏறியிருக்கிறார். கப்பல் புத்தளம் பக்கம் ஒதுங்கியது, அங்கே அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி, யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னர். என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டதற்கு, ஆதம் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார் இவர். மன்னர் பல்லக்குக் கொடுத்து, வருடாவருடம் பாத யாத்திரை போகும் யோகிகள் நான்கு பேர், பிராமணர்கள் மூன்று பேர், பரிவாரத்தில் பத்துப் பேர், சாமான் தூக்கப் பதினைந்து பேர் என்று கூட்டி அனுப்பினார். யோகிகள் போனது சிவன் பாதத்துக்கு என்றுதான் நினைக்கிறேன், பதூதா போனது ஆதம் பாதத்துக்கு. சேர்ந்துதான் நடந்தார்கள். இது யார் பாதம் என்பதை முதலில் பேசி முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று யாரும் சொன்னதாக அவர் எழுதவில்லை.

உச்சியில் வழக்கம்போல் நெரிசல். எத்தனையாவது தடவை வந்திருக்கிறீர்களோ அத்தனை முறை மணியடிக்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு பாட்டி அடித்துக்கொண்டே இருந்தார், பின்னாலிருந்தவர்கள் பொறுமை இழந்தார்கள். பாதத்தைத் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். அசல் சுவடு அதற்கும் அடியில் பாறைக்குள் இருக்கிறது என்றார் அங்கே நின்ற ஒருவர்.

விமானத்துக்கு முன் கிடைத்த அரை நாளில் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போனது ஒரு கல்லைப் பார்க்க. 1911-ல் காலி நகரத்தில் கண்டெடுத்தது, சாக்கடைப் பாலத்துக்கு மூடியாகக் கிடந்ததாம். ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த உயரம், மேலே இரண்டு சீன டிராகன்கள். வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். 1409 தேதியிட்டு மிங் பேரரசர் யோங்லே சார்பில் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டியது. செங் ஹே பிறப்பால் முஸ்லிம்.

சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ், தெனவரை நாயினார் என்ற சாமியை. பாரசீகம் ரொம்பத் தேய்ந்துவிட்டது, படிக்க முடிந்தவரை இஸ்லாத்தின் புகழ். மூன்றிலும் காணிக்கைப் பட்டியல் வருகிறது, மூன்றும் ஏறக்குறைய ஒன்றே: 1,000 பொன், 5,000 வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். அறுநூறு வருடத்துக்கு முந்தைய தமிழ், அங்கங்கே ஒரு சொல் பிடிபட்டது.

எனக்குப் பிடித்தது அந்தப் பட்டியல்தான். மூன்றும் ஒரே கடவுள் என்று செங் ஹே கல்லில் வெட்டவில்லை. அப்படி நினைத்திருந்தால் இரண்டு பங்கு காணிக்கை மிச்சமாகியிருக்கும். வேறு வேறு என்று தெரிந்து அவரவருக்கு உரியதை அளந்து வைத்திருக்கிறார். (அவரை உத்தமர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1411-ல் இதே செங் ஹே உள்ளூர் அரசன் அழகக்கோனைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிச் சீனாவுக்குக் கொண்டுபோனார்.)

தெனவரை என்பது இன்றைய தெவிநுவர, தீவின் தென்கோடி முனை. அங்கிருந்த நாயினார் விஷ்ணு என்பது ஆய்வாளர்களில் பலரின் முடிவு. அது தொண்டேச்சரம், சிவன் கோயில் என்பது ஈழத்துச் சைவர்களின் மரபு. இந்த விஷயத்தை யாழ்ப்பாணத்து ஆசிரியரிடம் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு மலை ஏறும் அளவுக்கு வாதாடியிருப்பார். 1588-ல் போர்த்துக்கீசர் அந்தக் கோயிலை இடித்துத் தள்ளிவிட்டார்கள், உள்ளே இருந்தவர் யார் என்று போய்ப் பார்த்துச் சொல்லவும் வழியில்லை.