வெளுத்த சிவப்புக்குச் சேரும் சிவப்பு

தமிழக-கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம் தமிழும் மலையாளமும் சேர்த்தெழுதிய தகர போர்டுகளில் முதலில் வெளுப்பது சிவப்புதான். பாதியை மட்டும் திருத்தும்போது டப்பாச் சிவப்பை அப்படியே அடித்தால் ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரியும்.

வெளுத்த நிறத்துக்குச் சேரும்படி கலக்க வேண்டும். அதற்கான சாம்பிளைப் போர்டின் ஃப்ரேமுக்கு அடியிலிருந்து எடுக்காதீர்கள். அது வெயில் படாத நிறம். முகப்பில் ஓரிடத்தை ஈரத்துணியால் துடைத்து அழுக்கு போனபின் பாருங்கள். சிவப்பை மட்டுப்படுத்தக் கறுப்பு வேண்டாம், மெரூனாகிவிடும். குச்சி நுனியளவு பச்சை போதும். வெள்ளை சேர்த்தால் ரோஸ் அடிக்கும், கூடவே துளி மஞ்சள் விட வேண்டும். ஈர எனாமலை நம்பவே கூடாது, காய்ந்தால் சற்றுக் கறுக்கும். தகரத் துண்டில் தடவி, மறுநாள் போர்டின் மேலேயே வைத்து, வெயிலில் ஒருமுறை, டியூப்லைட்டில் ஒருமுறை பாருங்கள். முழு வேலைக்கும் ஒரே கலவையாகக் கலக்கிவிடுங்கள். இரண்டாம் தடவை அதே நிறம் வராது.

புது ஜிஐ தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, வேறு தொல்லை. எனாமலை நேராக அடித்தால் துத்தநாகத்தோடு வினைபுரிந்து அடியில் சோப்புப் படலம் உண்டாகி, பெயின்ட் தோலாக உரியும். தகட்டை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் முதலில். பழைய எனாமல் மேல் என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டுக்கான கரைப்பான்) பட்டால் எனாமல் சுருண்டு எழும்பும், பெயின்டை இளக்க டர்ப்பன்டைன்தான் சரி. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை நாளில் சாயங்காலம் அடித்தால் ஈரக்காற்றில் மினுக்கம் செத்துவிடும்.